இளைப்பு ஆற நடத்தல்

'இளைப்பு' என்னும் சொல்லைப் பற்றி வகுப்பில் பேச நேரும்போதெல்லாம் அதன் மூன்று பொருள்களையும் கரும்பலகையில் எழுதிவிடுவது என் வழக்கம். உடல் மெலிவது இளைப்பு. களைத்துப் போவதும் இளைப்பு. மூச்சு வாங்குவதும் இளைப்பு. அகராதிகள் இம்மூன்றையும் அடுத்தடுத்துத் தருகின்றனவேயன்றி, ஒன்றிலிருந்து மற்றொன்று எப்படிக் கிளைத்தது என்று விளக்குவதில்லை. இந்த இளைப்பு ஆறுவதே இளைப்பாறுதல். மர நிழல், திண்ணை, சுமைதாங்கிக் கல் என்று வழிநெடுக அதற்கு இடம் வைத்தவர்கள் நம் முன்னோர். களைத்தவன் உட்கார வேண்டும் என்பதில் ஐயப்பட என்ன இருக்கிறது?

ஒரு நோயில் மட்டும் ஐயப்பட நிறையவே இருக்கிறது. இதயம் நாட்பட்டுத் தளர்ந்தவரை, மூச்சு வாங்குகிறதே என்று உட்கார்த்தி வைப்பதைவிட, அளவறிந்து நடக்க வைப்பதே இளைப்பை ஆற்றும் என்பது மருத்துவ உலகம் இன்று ஏற்றுக்கொண்ட முடிவு. மருத்துவர்களுக்கு இது பழைய செய்தி. நம் வீடுகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. நான் மருத்துவம் படித்தவள் அல்லள், தமிழ் கற்பிப்பவள். அப்பாவின் பொருட்டுப் படித்துத் தெரிந்துகொண்டதையும் வீட்டில் கண்டதையுமே எழுதுகிறேன்.

முதலில் பெயர். 'ஹார்ட் ஃபெயிலியர்' என்பதை நாம் 'இதயச் செயலிழப்பு' என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம். செயல் இழந்துவிட்டது என்றால் நின்றுவிட்டது என்றுதானே எவரும் பொருள்கொள்வார்? இச்சொல் மருத்துவரின் வாயிலிருந்து வெளிப்பட்ட கணத்திலேயே பாதிக் குடும்பம் அழத் தொடங்கிவிடுகிறது. உண்மையில் அந்த இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. உடல் கேட்கும் அளவுக்குக் குருதியை இறைத்துக் கொடுக்க அதனால் முடியவில்லை. கிணற்றில் நீர் உண்டு, மோட்டாரும் ஓடுகிறது, மாடித் தொட்டிக்குத்தான் ஏறவில்லை என்பது போன்ற நிலை. தக்க மருந்துகளோடு இந்நிலையில் பல்லாண்டு வாழ்பவர்கள் இருக்கிறார்கள்.

மக்கள் வழக்கில் இது 'ஹார்ட் வீக்'. எங்கள் தெருப் பாட்டி ஒருவர் அதை 'இருதயத்தில் வீக்கம்' என்று செவியில் வாங்கித் தெரு முழுவதும் பரப்பிவிட்டார். (பாட்டி சொன்னதிலும் பிழையில்லை. தளர்ந்த இதயம் பெரும்பாலும் நாளடைவில் விரிந்து பருத்துத்தான் போகிறது.) நான் இக்கட்டுரையில் 'இதயத் தளர்ச்சி' என்றே எழுதப் போகிறேன். கலைச்சொல் வல்லுநர்கள் பொறுத்தருள்க.

அடுத்தது எண். எக்கோ அறிக்கையில் 'இ.எஃப்.' என்று ஒரு விழுக்காடு காணப்படும். இடக் கீழறை தன்னிடம் நிரம்பிய குருதியில் எத்தனை பங்கை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்னும் கணக்கு அது. அப்பாவுக்கு 2017-இல் அது 30 என்று வந்தது. பத்தாம் வகுப்பில் தேறவே 35 வேண்டும், ஆகவே இதயம் 'ஃபெயில்' என்று தம்பி முடிவுகட்டினான். எழுபது பங்கு இதயம் செத்துவிட்டது என்று அம்மா எடுத்துக்கொண்டாள். நல்ல இதயத்துக்கே இந்த எண் ஏறத்தாழ 55-இலிருந்து 70 வரைதான் இருக்கும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. (எண் ஐம்பதுக்கு மேல் இருந்தும், இதயம் விறைத்துப்போய் இதே இளைப்பு வருகிற வகையும் உண்டு. வயது முதிர்ந்த பெண்களிடம் அது மிகுதி.)

இந்த எண்ணைப் பற்றிப் படிக்கையில் என்னை நிமிர்ந்து உட்காரச் செய்த செய்தி வேறொன்று. ஒருவரின் இ.எஃப். எவ்வளவு என்பதற்கும் அவரால் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்பதற்கும் தொடர்பு மிகக் குறைவு. இருபது உடையவர் கடைத்தெரு வரை போய் வருகிறார். நாற்பது உடையவர் குளியலறைக்குச் செல்வதற்குள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஆய்வாளர்கள் 1980-களிலேயே இதைக் கண்டு குழம்பியிருக்கிறார்கள். அப்படியானால் இளைப்பின் ஊற்று முழுவதும் இதயத்தில் இல்லை.

அப்பா அரசுப் பேருந்தில் 33 ஆண்டுகள் நடத்துநராக இருந்து 2008-இல் ஓய்வு பெற்றவர். லண்டன் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு ஜெரமி மாரிஸ் என்பார் 1953-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தில் நாள் முழுவதும் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று கண்ட புகழ்பெற்ற ஆய்வு அது. நம்மூர்ப் பேருந்துக்கு மாடி கிடையாது. ஆனால் திருவிழா நாளில் கும்பகோணத்துப் பேருந்துக்குள் முன்படியிலிருந்து பின்படிக்குப் போய் வருவது மாடி ஏறுவதற்குச் சற்றும் இளைத்ததன்று. ஆயினும், புகையிலையும் பரம்பரையும் சேர்ந்தோ என்னவோ, 2016 இறுதியில் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். அடுத்த ஆண்டே கால் வீக்கம்; படுத்தால் மூச்சுத் திணறல்; ஒரு தலையணை மூன்றாயிற்று. தனியார் மருத்துவமனை ஒன்றில் ஒன்பது நாள் இருந்து, உடம்பில் தேங்கிய நீர் வடிந்து வீடு திரும்பினார். வீட்டுக்கு அனுப்பும்போது தந்த தாளில் மருந்துப் பட்டியலுக்குக் கீழே 'முழு ஓய்வு' என்று எழுதியிருந்தது. எத்தனை நாளுக்கு என்று எழுதவில்லை. அம்மா அதை ஆயுளுக்கும் என்று எடுத்துக்கொண்டாள்.

காலையில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி; பிற்பகலில் கட்டில்; மாலையில் மீண்டும் நாற்காலி. சோறும் தண்ணீரும் கைக்கு வந்தன. குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்த்தி அம்மாவே தண்ணீர் ஊற்றினாள். சார்ஜாவிலிருந்து தம்பி நாளுக்கு இருமுறை அழைத்து, "அக்கா, அப்பாவ எழுந்திரிக்கவே விடாதீங்க" என்பான். மருந்துகள் தம் வேலையைச் செவ்வனே செய்தன. கால் வடிந்தது, நுரையீரலில் நீர் இல்லை. ஆயினும் நான்கு மாதத்தில் வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு உடம்பு வற்றியது. கட்டிலைவிட்டு எழுந்தாலே இரைத்தது. ஒருநாள் என்னிடம் சொன்னார்: "ஸ்டாண்டிங்லயே முப்பத்து மூணு வருஷம் ஓட்டினேன் பாப்பா. இப்ப வேட்டி மாத்தக்கூட உக்கார வேண்டியிருக்கு."

கரும்பலகையில் நான் தனித்தனியாக எழுதும் பொருள்கள் அவர் உடம்பில் ஒன்றாகியிருந்தன. மூச்சு வாங்கியதால் உட்கார்ந்தார், உட்கார்ந்ததால் மெலிந்தார், மெலிந்ததால் இன்னும் மூச்சு வாங்கியது. (பழந்தமிழர் இம்மருத்துவத்தை முன்பே அறிந்திருந்தனர் என்று நிறுவ நான் வரவில்லை. அவ்வகைக் கட்டுரைகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை.)

ஓய்வே மருந்து என்ற எண்ணத்தை மூடத்தனம் என்று தள்ளிவிட முடியாது. எலும்பு முறிந்தால் கட்டுப்போட்டு அசையாமல் வைக்கிறோம். நைந்த இதயத்துக்கும் அதுதானே முறை? சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் மாரடைப்பு வந்தவர்களை நான்கு முதல் ஆறு வாரம் வரை படுக்கையிலேயே கிடத்தினார்கள். பாஸ்டனின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் சாமுவேல் லெவினும் அவருடைய இளம் உதவியாளர் பெர்னார்ட் லௌனும் அவர்களைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்து, அதன் பலனை 1952-இல் வெளியிட்டார்கள். வெறுமனே உட்கார வைத்ததற்கே சக மருத்துவர்களின் கடும் எதிர்ப்பை அவர்கள் சந்திக்க நேர்ந்தது. (இதே லௌன் பின்னாளில், அணுஆயுதப் போருக்கு எதிரான மருத்துவர்களின் அமைப்பை இணைந்து நிறுவியவர், அவ்வமைப்பு 1985-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றது.) நியூ ஆர்லியன்ஸில் ஜார்ஜ் பர்ச் என்பவரோ, இதயம் பருத்தவர்களை 1960-களில் மாதக்கணக்கில் படுக்கையில் வைத்தார். சிலருக்கு இதயத்தின் அளவு சுருங்கவும் செய்தது. ஆகவே ஓய்வுக் கட்சிக்கும் சான்று இருந்தது.

ஆனால் அதற்கும் முன்பே, 1854-இல், டப்ளின் மருத்துவர் வில்லியம் ஸ்டோக்ஸ் தம் இதயநோய் நூலில் படிப்படியாகக் கூட்டும் நடைப்பயிற்சியைப் பரிந்துரைத்துவிட்டார். நெஞ்சுவலியை முதன்முதலில் தெளிவுற விவரித்த ஹெபர்டன், நாள்தோறும் அரைமணி நேரம் மரம் அறுத்தே ஏறக்குறையக் குணமடைந்த ஒருவரைப் பற்றிக் குறித்து வைத்திருக்கிறார். இவையெல்லாம் மறந்துபோயின. இலக்கியத்தில் மட்டுந்தான் ஓலைச்சுவடிகள் தொலைகின்றன என்று நினைத்திருந்தேன்.

அம்மாவிடம் நான் எடுத்துச் சொன்ன ஆய்வு டல்லாஸில் 1966-இல் நடந்தது. நோயில்லாத இருபது வயது இளைஞர்கள் ஐவரை மூன்று வாரம் படுக்கையில் கிடத்தினார்கள். உச்ச உழைப்பில் உடல் பயன்படுத்தும் உயிர்வளியின் அளவு அவர்களிடம் கால்பங்குக்கு மேல் குறைந்துபோயிற்று. பிறகு பயிற்சி கொடுத்து மீட்டார்கள். முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரைத் தேடிப் பிடித்து அளந்தபோது, அந்த மூன்று வாரப் படுக்கை செய்த கேட்டை முப்பது ஆண்டு முதுமை செய்திருக்கவில்லை என்று தெரிந்தது. இருபது வயதுக் காளைகளுக்கே இந்த நிலையென்றால், அறுபத்தேழு வயதில் நான்கு மாதம்? அம்மா மறுமொழி சொல்லவில்லை. ஆனால் அன்று முக்காலியில் தண்ணீர்ச் சொம்பை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு வெளியே நின்றாள்.

உடம்புக்குள் நடப்பது இது. குருதி குறைவாக வருவதாலும், அதைவிட, உழைப்பே இல்லாததாலும் கைகால் தசைகள் கரைகின்றன. எஞ்சிய தசையிலும் உயிர்வளியை எரித்து ஆற்றலாக்கும் நுண்ணுலைகள் குறைகின்றன. களைக்காமல் நெடுநேரம் உழைக்கும் இழைகள் அருகி, விரைவில் களைக்கும் இழைகள் மிகுகின்றன. சிறு வேலைக்கே திணறும் தசை மூளைக்கு அபயக் குரல் அனுப்ப, மூளை மூச்சை முடுக்குகிறது. இதயத்தின் மேல் நாம் சுமத்தும் பழியில் ஒரு பங்கு உண்மையில் தொடைக்கு உரியது. இதயத் தசையைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது அரிது. தொடைத் தசையை மீட்க முடியும். ஆண்ட்ரூ கோட்ஸும் அவர் குழுவினரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் நோயாளிகள் பதினொருவரே. ஒவ்வொருவரும் எட்டு வாரம் வீட்டில் மிதிவண்டிப் பயிற்சி, எட்டு வாரம் ஓய்வு என மாறி மாறி இருந்தார்கள். பயிற்சிக் காலத்தில்தான் அவர்களால் கூடுதலாக உழைக்க முடிந்தது, இளைப்பும் தணிந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் காற்றைத் திசைதிருப்பியது.

இதை ஒரு மாயமருந்தாக விற்க எனக்கு விருப்பமில்லை. இத்துறையின் மிகப்பெரிய ஆய்வு 'ஹெச்.எஃப். ஆக்ஷன்' 2009-இல் வெளிவந்தது. நோயாளிகள் 2331 பேர். முதலில் கண்காணிப்பில் 36 அமர்வுகள், பிறகு வீட்டிலேயே பயிற்சி. இறப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் சேர்ந்த கணக்கில், பயிற்சி பெற்றவர்களிடம் 7 விழுக்காடு குறைவு. தற்செயலால் வந்ததன்று என்று அதை உறுதிசெய்ய முடியவில்லை. நோயின் கடுமை முதலியவற்றுக்கு ஈடுசெய்து பார்த்தபோது 11 விழுக்காடு குறைவு என்று தேறியது. பயிற்சியால் தீங்கில்லை என்பது தெளிவாயிற்று. வாழ்க்கைத் தரம் ஓரளவு உயர்ந்தது. குறித்த அளவுக்குப் பயிற்சியை விடாமல் செய்தவர்கள் பாதிக்கும் குறைவு. 44 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2019-இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பும் ஏறத்தாழ இதையே சொல்கிறது: மருத்துவமனைக்குத் திரும்புவது குறைகிறது, வாழ்வு மேம்படுகிறது, முதலாண்டில் உயிரிழப்பில் பெரிய வேறுபாடில்லை. ஆயுள் நீளுமா என்று மட்டும் கேட்பவருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். தானே குளிக்க விரும்பும் ஒருவருக்கு இது போதும்.

2018 தொடக்கத்தில் வேறொரு மருத்துவரிடம் சென்றோம். அவர் மருந்துகளைச் சீர்செய்து, ஓர் இயன்முறை மருத்துவரிடம் அனுப்பினார். அங்கே 30 மீட்டர் நடைகூடத்தில் ஆறு நிமிடம் நடக்கச் சொல்லி அளந்தார்கள். அப்பா இருமுறை நின்று 190 மீட்டர் நடந்தார். மூன்று நிமிட நடை, ஓய்வு, மீண்டும் மூன்று நிமிடம் என்று தொடங்கியது திட்டம். பீட்டா பிளாக்கர் மாத்திரை நாடித் துடிப்பை அடக்கி வைப்பதால் நாடியை எண்ணி உழைப்பை அளக்க இயலாது. அதற்கு சுவீடன் நாட்டு உளவியலார் குன்னர் போர்க் வகுத்த அளவுகோல் ஒன்று உண்டு. 6 முதல் 20 வரை. தன் களைப்புக்குத் தானே எண் கொடுக்க வேண்டும். 12-க்கும் 14-க்கும் இடையில் நடை இருக்க வேண்டும் என்றார்கள். அப்பாவுக்கு அந்த எண்கள் மனத்தில் நிற்கவில்லை. அவராகவே பெயர்த்துக்கொண்டார்: "சீட்டு காலி", "சீட்டு ஃபுல்", "ஸ்டாண்டிங்", "ஃபுட்போர்டு". ஸ்டாண்டிங் வரை போகலாம், ஃபுட்போர்டு கூடாது. இயன்முறை மருத்துவர் சிரித்துவிட்டு, அதையே தாளில் எழுதிக்கொண்டார்.

நடந்த இடம் தெருமுனைச் சிவன் கோயிலின் வெளிப்பிரகாரம். எங்கள் ஊர் போன்ற சிற்றூர்களில் இதய மறுவாழ்வுக்கென்று தனிக்கூடம் காண்பது அரிது. ஆனால் பிரகாரத்தைவிடப் பொருத்தமான இடத்தை எவர் கட்ட முடியும்? மேடுபள்ளம் இல்லை, வண்டி இல்லை, காலை எட்டு மணி வரை நிழல், இருபது அடிக்கு ஒரு படியோ திண்ணையோ. (நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு வெறுங்கால் நடை ஆகாது. அவர்கள் செருப்போடு வேறு இடம் பார்ப்பதே நன்று.) அம்மா உடன் நடந்தாள், முதலில் காவலுக்காக. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது என்று அவர்கள் சொன்ன சோதனையை அவள் பிடித்துக்கொண்டாள். ஏதாவது கேட்டுக்கொண்டே வருவாள், அப்பாவின் விடை பாதியில் அறுந்தால், "ஏங்க, உக்காருங்க." நாற்பத்து மூன்று ஆண்டு இல்லறத்தில் இவ்வளவு பேசியதில்லை என்பது அப்பாவின் குறை.

ஆறு மாதத்தில் இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. குளிப்பது, உடுத்துவது, எதிர்த்தெருத் தேநீர்க் கடைக்குச் செல்வது எல்லாம் திரும்பின.

2019 ஆவணியில் உறவினர் திருமணம் ஒன்றுக்குப் போய் வந்த ஐந்தாம் நாள் மீண்டும் மூச்சுத் திணறல், மருத்துவமனை. தம்பி அங்கிருந்து கத்தினான்: "நடக்க வெச்சுக் கொல்லப் பாக்குறியாக்கா?" சித்தியும் அதையே நயமாகச் சொன்னார். அவர்களின் அச்சம் வீண் அச்சமன்று. திருவனந்தபுரம் மாவட்டத்தின் 18 மருத்துவமனைகளில் 2013-இல் சேர்ந்த 1205 இதயத் தளர்ச்சி நோயாளிகளைத் தொடர்ந்து பதிவு செய்தபோது, ஓராண்டுக்குள் மூன்றில் ஒருவர் அளவுக்கு இறந்துபோயிருந்தார்கள். சராசரி வயது 61 தான். மருத்துவர் எங்களைத் திட்டவில்லை; எடைக் குறிப்பேட்டைக் கேட்டார். அப்பா நாள்தோறும் காலையில் எடை பார்த்து எழுதி வந்தார். நான்கு நாளில் மூன்று கிலோ ஏறியிருந்தது. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலே நடையை நிறுத்திவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்த விதி. திருமண வீட்டு அப்பளமும் ஊறுகாயும், பயணத்தில் சிறுநீர் கழிக்க அலைய வேண்டுமே என்று இரண்டு நாள் விட்ட நீர் மாத்திரையும் சேர்ந்து செய்த வேலை அது. நீர் கோத்திருக்கும்போதும், ஓய்விலேயே மூச்சு வாங்கும்போதும், நெஞ்சு வலிக்கும்போதும் பயிற்சி கூடாது. நோய் அடங்கி மருத்துவர் சொன்ன பிறகுதான்.

நோய் அடங்கிய பிறகு மீண்டும் தொடங்குவதா என்பதுதான் வழக்கு. தம்பி வேண்டாம் என்றான். நான் குறிப்பேட்டின் படத்தை அவனுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பேசவில்லை. முடிவை அம்மாதான் எடுத்தாள். வீடு திரும்பிய பதினாறாம் நாள் காலை, மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு, கோயிலுக்குக் கிளம்பி வாசலில் நின்றுகொண்டு, "வரீங்களா இல்லையா?" என்றாள். மறுபடியும் மூன்று நிமிடத்திலிருந்து. 2020 மார்ச்சில் கோயில் மூடப்பட்டபோது நடை மொட்டைமாடிக்கு மாறியது. குறிப்பேடும் கூடவே ஏறியது.

இப்போது அப்பாவுக்கு 75 வயது. அண்மை எக்கோவில் இ.எஃப். 33, மூன்றே எண் ஏற்றம். அதே வாரம் ஆறு நிமிட நடையில் நிற்காமல் 320 மீட்டர். சென்ற தை மாதத்தில் சுவாமிமலைக்குப் போக வேண்டும் என்றார். அங்கே அறுபது படிகள். அறுபது தமிழ் ஆண்டுகளுக்கும் ஒவ்வொன்று. இயன்முறை மருத்துவரிடம் கேட்டோம். படி ஏறுவது நடையைவிடக் கடினம், ஐந்தைந்தாக ஏறி நில்லுங்கள், ஃபுட்போர்டு வந்தால் இறங்கிவிடுங்கள் என்றார். கூட்டமில்லாத நாளாகப் பார்த்துப் போனோம். அப்பா படிகளை எண்ணிக்கொண்டே ஏறினார். இருபத்து நான்காவதில் நின்று கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். கணக்குப்படி அது விகிருதி, அவர் பிறந்த ஆண்டு. "இங்க ஒரு ஸ்டாப்பிங் உண்டு" என்றார். சற்று நேரம் பொறுத்து, அதற்கு மேல் இன்று ஸ்டாண்டிங் தாண்டிவிடும் என்று அவரே சொல்லி, மெல்ல இறங்கித் தூண் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். அம்மா மட்டும் மேலே போய் விபூதி வாங்கி வந்தாள்.